சேதுநாட்டு வாசகர் கேள்விகள்: சமய, வரலாற்று ஆய்வுக்கு நிதி தருவோர் யார்?

தொண்டியிலிருந்து இராமேசுவரம் வரையிலும், மறுபுறம் பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் வரையிலும் உள்ள கடலோர ஊர்களிலிருந்து இம்முறை வந்த மடல்களில் பெரும்பகுதி ஒரே பொருளைப் பற்றியதாக இருந்தது. பொறியியல், மருத்துவம் ஆகியவற்றில் ஆய்வு செய்வோருக்கு நிதி தரும் அமைப்புகளின் பெயர்கள் ஓரளவு ஊரறிந்தவை. கோயில், பள்ளிவாசல், தேவாலயம், செப்பேடு, சுவடி என்று ஆய்வுக்கு வருகிறவர்களோ யாரிடம் கேட்பது, எதைக் கேட்பது என்று புரியாமல் நிற்கிறார்கள். ஒரே வகையான மடல்களை ஒன்றாக்கி இங்கே விடை தருகிறோம்.

கேள்வி: முதுகலை வரலாறு முடித்திருக்கிறேன். எங்கள் பகுதி வீடுகளிலும் மதரசாக்களிலும் உள்ள அரபுத்தமிழ் (அரபு எழுத்தில் எழுதிய தமிழ்) ஏடுகளைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்ய விரும்புகிறேன். எங்கள் உறவினர் ஒருவர் மௌலானா ஆசாத் உதவித்தொகை பெற்றுப் படித்தார். இப்போது அது இல்லை என்கிறார்கள். முழுநேர ஆய்வுக்கு வேறு வழி உண்டா?
(கீழக்கரை வாசகி)

பதில்: உங்களுக்குச் சொல்லப்பட்டது சரியே. சிறுபான்மையினருக்காக 2009இல் தொடங்கப்பட்ட மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகை, 2022–23ஆம் ஆண்டிலிருந்து புதியவர்களுக்கு வழங்கப்படுவதில்லை. வேறு உதவித்தொகைகள் அதே பிரிவினரையும் உள்ளடக்குகின்றன என்பது நடுவண் அரசு நாடாளுமன்றத்தில் சொன்ன காரணம். குடும்பத்தில் முதல் ஆளாக ஆய்வுக்கு வரும் கடலோரப் பெண்களின் நிலையை அக்காரணம் கணக்கில் கொண்டதாக எங்களுக்குத் தோன்றவில்லை. ஆனால் அந்த வருத்தத்தை விண்ணப்பமாக எழுத முடியாதாகையால், இருக்கின்ற வழிகளைப் பார்ப்போம். 

முதல் வழி, பல்கலைக்கழக மானியக் குழுவின் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வெழுதி ஜே.ஆர்.எஃப்., அதாவது இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை, பெறுவது. தேசியத் தேர்வு முகமை ஆண்டுக்கு இருமுறை, ஜூன், டிசம்பர் பருவங்களில் இத்தேர்வை நடத்துகிறது. 2023 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த வீதப்படி முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாயும், மதிப்பீட்டுக்குப் பின் முதுநிலை ஆய்வாளராக உயர்த்தப்பட்டால் மாதம் 42,000 ரூபாயும், இவற்றுக்கு மேல் வீட்டு வாடகைப் படியும் கிடைக்கும். புத்தகம், ஒளிநகல், பயணம் போன்ற தற்செலவுக்குக் கலைப்புலத்தில் முதல் இரண்டு ஆண்டுகள் ஆண்டுக்கு 10,000 ரூபாய், பின்னர் 20,500 ரூபாய். வயது வரம்பு 30. பெண்களுக்கு ஐந்து ஆண்டு தளர்வு உண்டு. அரபுப் பண்பாடும் இசுலாமியவியலும், சமயங்களின் ஒப்பாய்வு ஆகியவையும் நெட் பாடப்பட்டியலில் இருக்கின்றன என்றாலும், முதுகலையில் படித்த பாடத்திலேயே எழுத வேண்டும் என்பது பொதுவிதி ஆகையால் நீங்கள் வரலாற்றிலேயே எழுதுங்கள். 

சாதிச் சான்றிதழில் ஒரு நுட்பம் உண்டு. மாநில அரசின் பிற்படுத்தப்பட்டோர் (முஸ்லிம்) சான்றிதழ் நடுவண் அமைப்புகளில் செல்லாது. லெப்பை, ராவுத்தர், மரைக்காயர் ஆகியோர் தமிழ்நாட்டுக்கான நடுவண் ஓ.பி.சி. (இதர பிற்படுத்தப்பட்டோர்) பட்டியலிலும் இருப்பதால், கிரீமிலேயரில், அதாவது சலுகை பெறாத வசதி படைத்த பிரிவில், வராத குடும்பம் எனில், வட்டாட்சியரிடம் நடுவண் படிவத்தில் தனியாகச் சான்றிதழ் பெறுங்கள். நெட் தேர்வின் சலுகைகளுக்கும், இதர பிற்படுத்தப்பட்டோருக்கான தேசிய உதவித்தொகைக்கும் கேட்கப்படுவது அதுதான். விண்ணப்பம் வெளியான பின் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஓடுவதை விட இன்றே அதைச் செய்துவிடலாம். உடன்பிறந்தோர் இல்லாத ஒரே மகளாக நீங்கள் இருந்தால், சாவித்திரிபாய் ஜோதிராவ் புலே பெயரிலான உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். மாநில அரசின் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகை, ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தும் தேர்வின் வழியாக, அரசுக் கல்லூரிகளில் முழுநேர ஆய்வு செய்வோருக்கு மாதம் 25,000 ரூபாய் வீதம் மூன்று ஆண்டுகளுக்கு அளிப்பதாக அறிவிக்கப்பட்டது. அடுத்த அறிவிக்கையைக் கவனித்துவாருங்கள்.

இனி உங்கள் பொருளைப் பற்றி ஒரு சொல். கீழக்கரையின் சையித் முஹம்மது ஆலிம் (1816–1898), அதாவது இமாமுல் அரூஸ், அரபுத்தமிழில் எழுதியவை பலருக்கும் தெரிந்தவை. அவர் பெருமையை விரித்து எழுதுவதால் நேர்காணல் குழுவின் மனம் மாறாது. எந்த வீட்டில், எந்த மதரசாவில், எத்தனை ஏடுகளைப் பார்க்க அனுமதி பெற்றிருக்கிறீர்கள், அவற்றுள் எவை இதுவரை அச்சேறாதவை என்பதையே அவர்கள் கேட்பார்கள். பதிவுக்கு முன்பே ஒரு சிறு பட்டியலை ஆயத்தம் செய்துகொள்ளுங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் நீதிபதி பஷீர் அகமது சயீத் பெயரிலான இசுலாமியவியல் மையம் இருக்கிறது. நெறியாளரைத் தேடும்போது காரைக்குடி, மதுரைப் பல்கலைக்கழகங்களோடு அதையும் விசாரியுங்கள்.

கேள்வி: 'இராமநாதபுரம் மாவட்டச் சமய வரலாறு' என்ற தலைப்பில் ஓர் அமைப்புக்கு ஆய்வு முன்மொழிவு அனுப்பினேன். காரணம் சொல்லாமலே நிராகரித்துவிட்டார்கள். சமயம் என்ற சொல்லைக் கண்டாலே ஒதுக்கிவிடுகிறார்களா?
(திருப்புல்லாணி வாசகர்)

பதில்: சமயத்தின் மேல் பழி போட வேண்டாம். உங்கள் தலைப்பே போதுமான காரணம். ஆதி ஜெகநாதப் பெருமாள் கோயில், உத்தரகோசமங்கை, தேவிபட்டினத்து நவபாஷாணம், ஏர்வாடி தர்கா, ஓரியூர், இராமேசுவரம் என்று கரைவலையை விரித்து எல்லாவற்றையும் ஒரே இழுப்பில் கரையேற்றப் பார்த்திருக்கிறீர்கள். நிதி தருகிறவர் முதலில் பார்ப்பது, இந்தப் பணத்தைக் கொண்டு, இந்தக் காலத்துக்குள், இவர் எந்தக் கேள்விக்கு விடை கண்டு வருவார் என்பதைத்தான். 'பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் சேதுபதி மன்னர்கள் பள்ளிவாசல்களுக்கும் தர்காக்களுக்கும் அளித்த கொடைகள்: செப்பேடுகளும் பிற்கால ஜமீன் ஆவணங்களும்' என்று தலைப்பைச் சுருக்கினால், காலம், சான்று, எல்லை ஆகிய மூன்றும் அதிலேயே தெரிந்துவிடும். கொடை கொடுத்தவர் இந்து, பெற்றவர் முஸ்லிம் என்று வியந்து நிற்காமல், துறைமுக வருவாய், முத்துக்குளிப்பு, வணிகர் செல்வாக்கு ஆகியவை அக்கொடைகளை எவ்வாறு தீர்மானித்தன என்று கேட்டால் அது வரலாற்றுக் கேள்வியாகிறது. மத நல்லிணக்கம் வாழ்க என்று முடியும் முன்மொழிவுகள் நல்ல எண்ணத்தில் எழுதப்படுகின்றன. ஆனால் ஆராய்வதற்கு ஒன்றும் மிச்சம் வைக்காமல் விடையை முதலிலேயே சொல்லிவிடுகின்றன.

சான்றுகள் எங்கே இருக்கின்றன என்று தெரிந்தால்தான் வரவுசெலவுத் திட்டம் எழுத முடியும். இராமநாதபுரம் தனி மாவட்டமானது 1910இல்தான். அதற்கு முன் நடந்தவை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் மதுரை, திருநெல்வேலி மாவட்டப் பதிவுகளுக்குள் கிடக்கின்றன. 1803இல் இராமநாதபுரத்துக்கு நிலையான நிலவரித் திட்டம் நடைமுறையாகி, சேதுபதிகள் ஜமீன்தார் நிலைக்கு வந்த பின் உருவான வழக்குகளும் வருவாய்த் தாள்களும் அங்கே உண்டு. சேது எக்ஸ்பிரசில் எத்தனை முறை சென்னைக்குப் போக வேண்டும், ஒவ்வொரு முறையும் எத்தனை நாள் தங்க வேண்டும், எத்தனை பக்கம் நகலெடுக்க வேண்டும் என்ற கணக்கு இதிலிருந்துதான் வரும். 'பயணம்: 1 லட்சம்' என்று ஒரே வரியில் எழுதப்பட்ட முன்மொழிவைப் படிக்கும் குழுவினர், எழுதியவர் இன்னும் காப்பகத்தின் வாசலை மிதிக்கவில்லை என்று உடனே கண்டுகொள்வார்கள்.

எந்த அமைப்புக்கு அனுப்புவது என்பதும் முக்கியம். 1972இல் நிறுவப்பட்ட இந்திய வரலாற்று ஆராய்ச்சிக் கழகம் ஆய்வு மாணவர் உதவித்தொகை, முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய உதவித்தொகை, ஆய்வுப் பயண நல்கை, ஆய்வேட்டை நூலாக்குவதற்கான மானியம் எனத் தனித்தனியாகத் தருகிறது. அதன் தென்மண்டல அலுவலகம் பெங்களூரில் உள்ளது. இன்றைய யாத்திரை, சடங்கு, சாதி, பொருளாதாரம் ஆகியவற்றைக் களத்தில் கேட்டறிவதானால் 1969இல் தோன்றிய இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம் பொருத்தமானது. சித்தாந்தம், சூபிகளின் மெய்யியல், இறையியல் போன்றவற்றுக்கு 1977இல் அமைந்த இந்தியத் தத்துவ ஆராய்ச்சிக் கழகம் இருக்கிறது. சங்க காலத்துத் தொண்டியையோ அழகன்குளத்தையோ செவ்விலக்கியச் சான்றுகளோடு இணைத்துப் பார்ப்பவருக்குச் சென்னையிலுள்ள செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம். ஒரே முன்மொழிவை நான்கு இடங்களுக்கும் அப்படியே அனுப்புகிறவர்கள் நான்கு இடங்களிலும் தோற்பதைப் பார்த்துவருகிறோம்.

கேள்வி: நான் பள்ளி ஆசிரியர். பகுதிநேர முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து, இராமேசுவரம் வந்த வடநாட்டு யாத்திரிகர்களைப் பற்றி ஆய்வு செய்கிறேன். எனக்கு ஜே.ஆர்.எஃப். கிடைக்குமா?
(இராமேசுவரம் வாசகர்)

பதில்: கிடைக்காது. சம்பளம் வாங்கிக்கொண்டு பகுதிநேரமாகப் படிப்பவருக்கு மாத உதவித்தொகை எதுவும் பொருந்தாது. அதற்காக மனம் தளர வேண்டியதில்லை. உங்களுக்கு வாழ்க்கைச் செலவுக்குப் பணம் தேவையில்லை, ஆவணங்களைப் பார்க்கச் செல்லும் செலவுக்குத்தான் தேவை. இந்திய வரலாற்று ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுப் பயண நல்கை அதற்கென்றே இருப்பது. கோடை விடுமுறையில் செல்லும்படி நாட்களைக் குறித்து, துறைத் தலைமையிடம் தடையின்மைச் சான்று பெற்று விண்ணப்பியுங்கள். ஆய்வேடு முடிந்தபின் நூலாக்க மானியம் கேட்கலாம்.

கேள்வி: எனக்கு 58 வயது. இளங்கலைப் பட்டம் மட்டுமே உண்டு. எங்கள் ஊரிலும் சுற்றுப்புறத்திலும் உள்ள பழைய மீசான் (அடக்கத்தல நினைவுக்கல்) கல்வெட்டுகள், கப்பல் கணக்கேடுகள், குடும்பக் கடிதங்கள் ஆகியவற்றைப் பல காலமாகப் படியெடுத்து வருகிறேன். பல்கலைக்கழகப் பதிவு இல்லாத என்னைப் போன்றவருக்கு யாராவது உதவுவார்களா?
(பெரியபட்டினம் வாசகர்)

பதில்: உங்கள் ஊர் மண்ணில் கிடைத்த சீனப் பீங்கான் ஓடுகள் அனைத்துலக ஆய்வாளர்களை ஈர்த்தவை. பாண்டியர் காலத்தில் சீனத்தோடும் அரபு நாடுகளோடும் வாணிபம் செய்த துறைமுகம் அது. அங்கே ஒருவர் கல்வெட்டுகளையும் கணக்கேடுகளையும் பொறுமையாகப் படியெடுத்து வைத்திருப்பது, பட்டம் பெற்ற பலர் செய்யாத பணி. 

நடுவண் பண்பாட்டு அமைச்சகம், கலாசார வளங்கள் பயிற்சி மையத்தின் வழியாக, ஆண்டுதோறும் இளநிலை, முதுநிலை உதவித்தொகைகளை அறிவிக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு, 25 முதல் 40 வயது வரையுள்ளோருக்கு மாதம் 10,000 ரூபாய், 40க்கு மேற்பட்டோருக்கு மாதம் 20,000 ரூபாய். இசை, நாடகம், நாட்டார் கலை ஆகியவற்றுக்கு மட்டுமே அது என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். கல்வெட்டியல், நாணயவியல், இந்தியவியல் ஆகியவையும் அதன் பட்டியலில் உண்டு. முனைவர் பட்டப் பதிவு கேட்கப்படுவதில்லை. உங்களுக்கு நாங்கள் முதலில் பரிந்துரைப்பது இதையே. 

பெங்களூரில் இருந்து இயங்கும் இந்திய கலைகளுக்கான அறக்கட்டளை, அதாவது ஐ.எஃப்.ஏ., பட்டத்தையோ பதவியையோ பார்க்காமல் கலை, பண்பாட்டு ஆய்வுக்கு நல்கை தருகிறது. இதன் சிறப்பு, முன்மொழிவைத் தமிழிலேயே எழுதி அனுப்பலாம் என்பது. கடலோடிகளின் பாடல்கள், கந்தூரி விழாக்களின் இசை, மீசான் கற்களின் எழுத்தழகு என்று உங்கள் பொருள் கலையை நோக்கித் திரும்புமானால் அங்கே கேட்டுப்பாருங்கள். 

மூன்றாவது வழி பெரியது, சுமையும் கூடியது. லண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகம் 2004 முதல், அழியும் நிலையிலுள்ள ஆவணங்களைப் படமெடுத்துக் காக்கும் திட்டம் ஒன்றை நடத்திவருகிறது. ஆர்க்கேடியா அறக்கட்டளையின் பணத்தில் நடப்பது. மூல ஏடுகள் நாட்டைவிட்டு வெளியே போகக் கூடாது என்பது அதன் அடிப்படை விதி. ஏடுகளைக் கொண்டுபோய்விடுவார்களோ என்று அஞ்சும் வீட்டாருக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள். அந்தப் பணம் ஆராய்ந்து எழுதுவதற்கு அன்று, படமெடுக்கவும் பட்டியலிடவும் மட்டுமே. தனிமனிதரிடம் அன்றி ஒரு நிறுவனத்தின் பொறுப்பில்தான் தருவார்கள். ஆகவே, 1994 முதல் சென்னையில் இயங்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் போன்று இவ்வகைப் பணியில் பழக்கமுள்ள இடங்களை முதலில் அணுகி, உங்களிடம் என்னென்ன உள்ளன என்ற பட்டியலைக் காட்டுங்கள். அவர்கள் விண்ணப்பதாரராகவும் நீங்கள் களப்பணியாளராகவும் அமைவதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

கேள்வி: எங்கள் ஊர்க்காரர்கள் வளைகுடாவிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நல்ல நிலையில் இருக்கிறார்கள். ஊர் வரலாற்றை ஆய்வு செய்ய அவர்கள் எங்கள் அறக்கட்டளைக்குப் பணம் அனுப்பலாமா?
(தொண்டி வாசகர்)

பதில்: அனுப்புகிறவர் கையில் எந்த நாட்டுக் கடவுச்சீட்டு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இந்தியக் குடிமகனாகவே துபாயில் வேலை செய்பவர் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. மலேசியக் குடியுரிமையோ சிங்கப்பூர்க் குடியுரிமையோ பெற்றுவிட்டவர், உங்கள் தெருவிலேயே பிறந்தவரானாலும், சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டார். அவர் அறக்கட்டளைக்கு அனுப்புவது 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்துக்குள் வருகிறது. ஓ.சி.ஐ. (வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன்) அட்டை வைத்திருந்தாலும் இதில் மாற்றமில்லை. 

அவ்வகைப் பணத்தைப் பெற, அறக்கட்டளை உள்துறை அமைச்சகத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். அதற்கு அமைப்பு தொடங்கி மூன்று ஆண்டுகளாவது ஆகியிருக்க வேண்டும் என்பதோடு, அந்த மூன்று ஆண்டுகளில் தன் பணிகளுக்காக 15 லட்சம் ரூபாயாவது செலவிட்டிருக்கவும் வேண்டும். அந்த அளவுக்கு வளராத சிறு அறக்கட்டளைகள், குறிப்பிட்ட ஒரு பணிக்கு மட்டும் முன்அனுமதி கேட்கலாம். 2020ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பணம் முதலில் பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில் திறக்கப்படும் கணக்கில்தான் வந்து சேர வேண்டும். நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. பெற்றதை வேறோர் அமைப்புக்குக் கைமாற்றவும் கூடாது. இந்தக் கடைசி விதியால்தான், பெரிய நிறுவனம் ஒன்று வெளிநாட்டு நிதி பெற்று ஊர் அறக்கட்டளைக்குப் பகிர்ந்தளிக்கும் பழைய முறை நின்றுபோயிற்று. 

ஓர் ஆய்வாளருக்கு ஈராண்டு உதவித்தொகை அளிப்பதற்கு இத்தனை வேலை தேவையா என்று கேட்டால், தேவையில்லை என்றே சொல்வோம். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களின் பணத்தை மட்டும் பெற்று, அதைத் தனிக் கணக்கில் வைத்து, ஒரு கல்லூரி வழியாக வழங்குங்கள்.

கேள்வி: ஓரியூர்த் திருத்தலத்தின் வரலாற்றை ஆய்வு செய்கிறேன். செலவு முழுவதையும் ஏற்பதாக ஒரு செல்வர் முன்வந்திருக்கிறார். அச்சுக்குப் போகுமுன் தாம் படித்து ஒப்புதல் தர வேண்டும் என்பது அவர் நிபந்தனை. ஏற்கலாமா?
(திருவாடானை வட்டார ஆய்வு மாணவர்)

பதில்: அந்த நிபந்தனையோடு ஏற்க வேண்டாம். ஓரியூரில் 1693 பிப்ரவரி 4 அன்று அருளானந்தர் எனப்பட்ட இயேசு சபைத் துறவி ஜான் டி பிரிட்டோ கொல்லப்பட்டது கிழவன் சேதுபதியின் ஆட்சியில். மறவர் தலைவர்களுள் ஒருவரான தடியத்தேவர் அவரால் மதம் மாறியதும், அதன்பின் தம் மனைவியருள் ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கியதும், விலக்கப்பட்டவருள் ஒருவர் மன்னரின் உறவினர் என்பதும் அந்நிகழ்வின் பின்புலம். இதில் திருச்சபைக்கு ஒரு கதை உண்டு, அரண்மனை மரபுக்கு வேறொன்று, உள்ளூர்ச் சமூகங்களுக்கு இன்னொன்று. எந்தத் தரப்பின் பணத்தைப் பெற்று அதன் ஒப்புதலுக்குக் காத்திருந்தாலும், மற்ற இரு தரப்பும் உங்கள் நூலைத் திறந்தும் பாரா. தேர்வாளரும் ஐயத்தோடுதான் படிப்பார்.

இந்த மண்ணில் புலமைக்குப் பொருள் தந்த மரபு நெடியது. உமறுப்புலவரை ஆதரித்த சீதக்காதி கீழக்கரைக்காரர். 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் சேதுபதி மரபினர். விவேகானந்தரின் சிகாகோ பயணத்துக்குத் துணைநின்றவர் பாசுகர சேதுபதி. அந்த மரபைக் குறைத்துப் பேச நமக்கு உரிமையில்லை. ஆயினும் புலவர் தம் புரவலரைப் பாடுவது அக்கால முறை. ஆய்வாளரிடம் அதை எதிர்பார்க்க முடியாது. செல்வர் உண்மையிலேயே வரலாற்றில் அக்கறையுள்ளவராயின், பணத்தை உங்கள் கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ அறக்கட்டளை வைப்பாகச் செலுத்தி, தேர்வையும் மேற்பார்வையையும் அவர்களிடம் விடட்டும். நூலின் முகப்பில் நன்றி தெரிவிக்கலாம். கையெழுத்துப்படியில் கைவைக்கும் உரிமை யாருக்கும் இல்லை என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். இடையில், கொடைக்கானல் அருகே சண்பகனூரிலுள்ள இயேசு சபையின் மதுரை மாநில ஆவணக் காப்பகத்தைப் பார்க்க அனுமதி கேளுங்கள்; அதற்குப் பெரிய பணம் தேவையில்லை. நீங்கள் ஆதிதிராவிட வகுப்பைச் சேர்ந்தவராகவோ, அவ்வகுப்பிலிருந்து கிறித்தவத்துக்கு மாறிய குடும்பத்தினராகவோ இருந்து முழுநேரமாகப் படித்தால், மாநில ஆதிதிராவிடர் நலத்துறை ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் தருகிறது. நடுவண் அரசின் பட்டியல் சாதியினருக்கான உதவித்தொகையில் இல்லாத இடம் மதம் மாறியோருக்கு இதில் உண்டு என்பதால் இதைத் தனியாகக் குறிப்பிடுகிறோம்.

கேள்வி: பணம் கட்டினால் ஃபெல்லோஷிப் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?
(மண்டபம் வாசகர்)

பதில்: கூடாது. நெட் போன்ற தேர்வுகளுக்கு உரிய கட்டணம் அரசு இணையத்தளத்தில் செலுத்தப்படுவது. அதற்கு வெளியே பணம் கேட்பவர் யாராயினும் உங்களிடம் பிழைக்க வந்தவர்.

கேள்வி: சேதுபதிகளுக்கும் டச்சுக்காரர்களுக்கும் இடையிலான உறவை ஆராய்கிறேன். ஆவணங்களெல்லாம் வெளிநாட்டில் இருக்கின்றன. அங்கே போக உதவி கிடைக்குமா?
(இராமநாதபுரம் வாசகி)

பதில்: கிடைக்கும். ஆனால் நெதர்லாந்துக்கு விண்ணப்பிக்குமுன் கொழும்பை நினையுங்கள். மதுரைக் கடற்கரையிலிருந்த டச்சுக் கம்பெனி நிலையங்கள் அதன் இலங்கை ஆட்சிக்கு உட்பட்டிருந்ததால், இலங்கைத் தேசிய ஆவணக் காப்பகத்தில் உங்களுக்கு வேண்டியவை இருக்க வாய்ப்பு மிகுதி. செலவோ ஐரோப்பியப் பயணத்தில் சிறு பங்குதான் ஆகும். எழும்பூரிலும் டச்சுப் பதிவுகள் உள்ளன. பதினேழாம் நூற்றாண்டு டச்சுக் கையெழுத்தைப் படிக்கப் பழகாமல் இவற்றில் எதைத் திறந்தும் பயனில்லை. ஆகவே உங்கள் முதல் நிதித்தேவை மொழிப் பயிற்சிக்கே. முன்மொழிவில் அதைத் தயங்காமல் ஒரு செலவினமாகச் சேருங்கள்.

அதற்குப் பின் சில வழிகள். இந்தியப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து ஓராண்டாவது ஆனவர்களுக்கு ஃபுல்பிரைட்-நேரு ஆய்வு உதவித்தொகை ஆறு முதல் ஒன்பது மாதங்கள் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் இருந்து பணிபுரிய இடமளிக்கிறது. அங்குள்ள நெறியாளருக்கும் நூலகத்துக்குமாகச் செல்வது அது, டச்சு ஆவணத்துக்காக அன்று. லண்டனில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சிக்கால ஆவணங்களைப் பார்க்கச் சார்லஸ் வாலஸ் இந்திய அறக்கட்டளை குறுகிய கால நல்கை தருகிறது. தரங்கம்பாடி மிஷனரிகளின் கடிதங்களில் இராமநாதபுரம் பற்றிய செய்திகள் தேடுவதானால், ஜெர்மனியின் ஹாலே நகரத்து ஃபிராங்கே அறநிலையம் தன் காப்பகத்தில் பணிபுரிய வெளிநாட்டு ஆய்வாளர்களுக்கு உதவித்தொகை வழங்குகிறது. முனைவர் பட்டம் முடித்தபின், டுசல்டார்ஃபிலுள்ள கெர்டா ஹென்கல் அறக்கட்டளையை நினைவில் கொள்ளுங்கள். 1976இல் தோன்றிய அவ்வமைப்பு வரலாற்றுத் துறைகளுக்கென்றே இருப்பது. விண்ணப்பிப்பவரின் நாட்டையும் அவர் பணிபுரியும் இடத்தையும் அது பார்ப்பதில்லை. இவை எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். பரிந்துரைக் கடிதம் தருகிறவர் உங்கள் ஆய்வை உண்மையில் படித்தவராக இருக்க வேண்டும். துணைவேந்தரின் பொதுவான நற்சான்றிதழைவிட, உங்கள் ஓர் இயலைப் படித்துக் குறைநிறை சொன்ன பேராசிரியரின் ஒரு பக்கக் கடிதத்துக்கு மதிப்பு அதிகம்.

கேள்வி: ஆய்வுத் திட்டத்துக்கு முதல் தவணை நிதி வந்துவிட்டது. களப்பணி மூக்கையூர், வாலிநோக்கம் பக்கத்துச் சிற்றூர்களில். அங்கே எதற்கும் ரசீது கிடைப்பதில்லை. கணக்கை எப்படிக் காட்டுவது?
(சாயல்குடி வாசகர்)

பதில்: இரண்டாம் தவணை நின்றுபோவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பொது நிதி விதிகளில் 12-ஏ என்ற படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழும், தணிக்கையாளர் ஒப்பமிட்ட செலவு விவரமும் உங்கள் நிறுவனத்தின் வழியாகச் சென்றால்தான் அடுத்த தவணை வரும். ஆட்டோ, படகு, தேநீர்க்கடை, தகவலாளிக்குக் கொடுத்த சிறு தொகை ஆகியவற்றுக்கு அன்றன்றே நாள், இடம், காரணம், தொகை ஆகியவற்றை எழுதிச் சான்றுச்சீட்டு ஒன்று ஆயத்தம் செய்து, பணம் பெற்றவரின் கையொப்பமோ விரல்ரேகையோ வாங்கிவிடுங்கள். அவ்வகைச் செலவுக்கு எந்த அளவுவரை ரசீதின்றி ஏற்பார்கள் என்பதை உங்கள் கல்லூரியின் நிதி அலுவலரிடம் களத்துக்குப் போகுமுன் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பயணத்துக்கென ஒதுக்கியதைக் கருவிக்குச் செலவிட நேர்ந்தால், செலவிடுவதற்கு முன்பே நிதி தந்த அமைப்புக்கு எழுதி அனுமதி பெற வேண்டும். ஆண்டுக் கணக்கு மார்ச் 31இல் முடிவதால், பிப்ரவரி இறுதிக்குள் சான்றுச்சீட்டுகளைத் தணிக்கையாளரிடம் ஒப்படைத்துவிடுவது நல்லது.